எஸ்.ஓ.பி-யை எழுதுவது யார்: ஏஜென்சியா, ஏ.ஐ-யா, நாமேவா?

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு மார்க் லிஸ்ட், டிரான்ஸ்கிரிப்ட், ஐ.இ.எல்.டி.எஸ், பாஸ்போர்ட் எல்லாம் அலைந்து திரிந்தாவது கைக்கு வந்துவிடும். அலைந்தாலும் கிடைக்காதது எஸ்.ஓ.பி (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்). இந்தப் படிப்பு ஏன், இந்தப் பல்கலைக்கழகம் ஏன், இதற்கு நீ தயாரா என்ற கேள்விகளுக்கு ஒன்றிரண்டு பக்கத்தில் பதில் சொல்லும் கடிதம் அது. கெடு நெருங்க நெருங்க வீட்டில் இதே பேச்சுதான்: நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள கன்சல்டன்சியிடம் விட்டுவிடலாமா, ஆன்லைனில் காசு கொடுத்து எழுதி வாங்கலாமா, சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா, இல்லை உட்கார்ந்து நாமே எழுதிவிடலாமா?

நான்கிலும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஆனால் எந்த நாட்டுக்கு, எந்தப் படிப்புக்கு என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

வாசிக்கப்போவது பேராசிரியரா, விசா அதிகாரியா?

பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதத்தை வாசிப்பவர் அந்தத் துறையின் ஆசிரியர் அல்லது சேர்க்கைக் குழு. இந்தப் பிள்ளை நம் பாடத்தைத் தாங்குமா, தான் செய்த ப்ராஜெக்ட்டை உண்மையிலேயே புரிந்து செய்திருக்கிறதா என்பது அவருடைய கவலை. விசாவுக்குப் போகும் விளக்கத்தை வாசிப்பவரின் கவலை வேறு. இவர் படிக்கத்தான் வருகிறாரா, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, முன்பு படித்ததற்கும் இப்போது எடுக்கும் படிப்புக்கும் தொடர்பு என்ன என்று அவர் பார்ப்பார்.

ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் பழைய முறையை விட்டுவிட்டு 'உண்மையான மாணவர்' என்ற விதியைக் கொண்டுவந்தது. விசா விண்ணப்பப் படிவத்திலேயே கேள்விகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 150 சொல். குடும்பச் சூழல், பொருளாதாரம், இந்தக் கல்லூரி ஏன், படித்து என்ன பயன் என்பவை அங்கே கேட்கப்படும். கனடாவுக்கு ஸ்டடி பெர்மிட் விண்ணப்பத்தோடு விளக்கக் கடிதம் வைப்பது வழக்கம். அமெரிக்காவில் மாணவர் விசாவுக்குத் தூதரக நேர்காணல்தான் முக்கியம், பல்கலைக்கு எழுதிய எஸ்.ஓ.பி அங்கே உங்களுக்காகப் பேசாது.

நம்மூரில் நடக்கும் பெரிய கோளாறு, ஒரே காகிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்புவது. குலசேகரத்தில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது, படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்ற பத்தி விசா படிவத்தில் இருக்க வேண்டியது. அதைப் பேராசிரியருக்கு அனுப்பினால் ரப்பரைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? ஆய்வகக் கருவிகளைப் பற்றிய நீளமான பத்தியைத் தூக்கி விசா படிவத்தில் போட்டாலும் அதே கதைதான். 150 சொல்லும் தீர்ந்துவிடும், கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்காது.

பல்கலைக் கடிதத்திலும் நாட்டுக்கு நாடு அளவு மாறும். பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போக வேண்டும். 2026-இல் சேர்பவர்களிலிருந்து ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாலும் இதே ஒன்றுதான் போகும், ஆகவே அதில் ஒரு பல்கலையின் பெயரை மட்டும் எழுதக் கூடாது. பிரிட்டன் முதுநிலைக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு பல்கலையின் தளத்திலும் நேரடி விண்ணப்பம். அங்கே பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இளநிலைக்கு, பல பல்கலைகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரை 250 முதல் 650 சொல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுமத்துக்குத் தனிக் கணக்கு, எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். முதுநிலையில் சில பல்கலைகள் எஸ்.ஓ.பி ஒன்றும், உங்கள் பின்னணியைச் சொல்லும் தனிக் கட்டுரை ஒன்றும் கேட்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஒக்கி புயலில் வீட்டுக்கு வந்த நஷ்டம் போன்றவற்றுக்கு அந்த இரண்டாவதில்தான் இடம். ஜெர்மனியில் ஒன்று அல்லது இரண்டு பக்க மோட்டிவேஷன் லெட்டர். அங்கே உணர்ச்சிக்கு மதிப்பு குறைவு. பாடத்திட்டத்தின் எந்தப் பகுதிக்கு உங்கள் எந்தப் பேப்பர் அடித்தளம் என்று கேட்பார்கள். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ் சான்றிதழும் வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய், வர நாளாகும் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் கடிதத்தை எழுதலாம்.

கன்சல்டன்சி: இலவசம் என்பதன் கணக்கு

பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா கல்லூரிகள் பலவும் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதனால்தான் 'எங்களிடம் எல்லாம் ஃப்ரீ' என்று சொல்ல முடிகிறது. இதில் திருட்டு ஒன்றும் இல்லை, தொழில் முறையே அப்படி. ஆனால் கமிஷன் தரும் கல்லூரிகளின் பட்டியலுக்குள்ளேயே உங்களைத் திருப்பிவிடும் தூண்டுதலும் அதிலேயே இருக்கிறது. ஜெர்மன் அரசுப் பல்கலைகள் கமிஷன் தருவதில்லை, ஆகவே ஜெர்மனிக்கு 'பேக்கேஜ்' என்று மாணவரிடமே வாங்குவார்கள். பேரம் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அவர்களிடம் உண்மையான பலம் உண்டு. வங்கி ஸ்டேட்மென்ட் எத்தனை நாள் பழையதாக இருக்கலாம், கல்விக் கடன் அனுமதிக் கடிதம் எந்த வடிவில் வேண்டும், இடைவெளி ஆண்டுகளுக்கு என்ன சான்று வைக்கலாம் என்பதெல்லாம் தினமும் கையில் புரளும் விஷயம். விசா பக்கத்தை அவர்களிடம் விடுவதில் தவறில்லை.

எஸ்.ஓ.பி-யில்தான் பிசகுகிறது. பல இடங்களில் ஒரு படிவம் தருவார்கள்: பெயர், கல்லூரி, சதவீதம், ப்ராஜெக்ட் தலைப்பு, எதிர்கால ஆசை. அதை ஏற்கனவே உள்ள அச்சில் ஊற்றி இரண்டே நாளில் கடிதம் வரும். அப்துல் கலாம் பொன்மொழி ஒன்று, சிறுவயது முதலே ஆர்வம், 'உலகத் தரமான கல்வி', ஊர் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் இரண்டு பத்தி. முந்தின மாணவரின் பல்கலைப் பெயர் அழியாமல் ஒரு மூலையில் கிடப்பதும் உண்டு.

ஒரே அச்சு எவ்வளவு எளிதாக மாட்டிக்கொள்ளும் என்பதற்கு 2007-இல் யூகாஸ் வெளியிட்ட ஆய்வே சாட்சி. சுமார் 50,000 விண்ணப்பங்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்ட கதை 234 பேருக்கு ஒரேபோல நடந்திருந்தது! எல்லோரும் ஒரே இணையதள மாதிரியைப் பார்த்து எழுதியவர்கள். யூகாஸ் இன்றும் ஒவ்வொரு கட்டுரையையும் ஒப்புமைச் சோதனையில் போட்டுத்தான் கல்லூரிக்கு அனுப்புகிறது, மாட்டினால் விண்ணப்பித்த இடங்களுக்கும் தகவல் போகும்.

அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து நேர்காணல். பிரிட்டன் பல்கலைகள் பலவும் விசாவுக்கு வேண்டிய சேர்க்கைச் சான்றைக் கொடுக்குமுன் வீடியோவில் பேசிப் பார்க்கின்றன. 'உங்கள் கடிதத்தில் இந்த மாட்யூலை (பாடப்பிரிவை)ச் சொல்லியிருக்கிறீர்களே, அதில் என்ன படிப்பீர்கள்?' என்று கேட்டால், தான் எழுதாத கடிதத்தை ஒருமுறைகூட முழுசாய் வாசிக்காத பிள்ளை முழிக்கும். கூடவே இன்னொன்று. நம் கல்லூரிகளில் எல்.ஓ.ஆர் (ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்) கேட்டால், 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தாறேன்' என்று சார் சொல்வது சகஜம். ஏஜென்சி அதையும் எழுதிக் கொடுக்கும். எஸ்.ஓ.பி-யிலும் இரண்டு எல்.ஓ.ஆர்-களிலும் ஒரே நடை, ஒரே தூக்கலான சொற்கள் வந்தால், மூன்றையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு ஒரே கை எழுதியது தெரியாமலா போகும்?

ஆன்லைனில் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்சியின் குறைகள் எல்லாம் இங்கும் உண்டு, விசா உதவி மட்டும் கிடையாது. ஆங்கிலம் மட்டும் திருத்தித் தருபவர் என்றால் சரி, முழுதும் எழுதித் தருபவர் என்றால் வேண்டாம்.

சாட்ஜிபிடி, ஜெமினி: எழுதித் தர அல்ல, கேள்வி கேட்க

ஏ.ஐ-யிடம் 'நான் இ.சி.இ மாணவி, ஜெர்மனியில் எம்.எஸ்-க்கு எஸ்.ஓ.பி எழுது' என்று கேட்டால் பிழையில்லாத ஆங்கிலத்தில் 800 சொல் வரும். அதில் உங்களைப் பற்றி ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. வெற்றிடத்தை நிரப்ப அது கற்பனை செய்யும். இல்லாத மாட்யூல், அந்தத் துறையில் வேலையே பார்க்காத பேராசிரியர், நீங்கள் செய்யாத இன்டர்ன்ஷிப் எல்லாம் நம்பும்படி வந்து உட்காரும். பெயரும் பாடமும் வரும் இடங்களைப் பல்கலையின் தளத்தில் ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்காமல் விட்டால் அங்கேயே விண்ணப்பம் விழும்.

விதியும் பார்க்க வேண்டும். முழுவதையோ பெரும்பகுதியையோ ஏ.ஐ-யில் எழுதவைத்து அப்படியே ஒட்டித் தன் சொந்த எழுத்தாகக் காட்டுவது ஏமாற்றாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் சொல்கிறது. யோசனை கேட்பதையும், வடிவம் பற்றிக் கேட்பதையும் அது தடுக்கவில்லை. மற்ற பல்கலைகளின் விதி ஒவ்வொன்றும் ஒரு விதம், விண்ணப்பப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயன்படும் வழி தலைகீழானது. 'நீ எழுதாதே. என் ப்ராஜெக்ட்டைப் பற்றி ஒவ்வொன்றாய்ப் பத்துக் கேள்வி கேள், நான் தமிழிலேயே பதில் சொல்கிறேன்' என்று தொடங்கலாம். என்ன அளந்தாய், ஏன் அந்த முறை, முடிவு எதிர்பார்த்தபடி வந்ததா, வராவிட்டால் என்ன செய்தாய் என்று அது குடையும். அந்தப் பதில்கள்தான் உங்கள் கச்சாப்பொருள். பிறகு நீங்கள் எழுதிய வரைவைக் கொடுத்து, எந்த வாக்கியம் வேறு யாருக்கும் பொருந்தும் என்று கேட்டு, அது காட்டுவதை வெட்டலாம். 1,100 சொல்லை 900-க்குக் குறைக்க எந்த வரி போகலாம் என்றும் கேட்கலாம். பாஸ்போர்ட் எண், வங்கி விவரம் எதையும் அங்கே ஒட்ட வேண்டாம்.

நாமே எழுதினால்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். மூன்று முதல் நான்கு வாரம் ஒதுக்கலாம், தினமும் ஒரு மணி நேரம் போதும். ஆங்கிலம் சரளமில்லை என்ற பயம்தான் பலரை ஏஜென்சிக்குத் தள்ளுகிறது. வாசிப்பவர் தேடுவது இலக்கியம் இல்லை. சிறு வாக்கியம், தெளிவான வினை, சரியான எண் இருந்தால் போதும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது கைக்கு எட்டாத வேலை அல்ல.

முதல் வாரம் எழுத வேண்டாம். சேர விரும்பும் படிப்பின் மாட்யூல் பட்டியலை அச்செடுத்து, நிஜமாகவே வேண்டும் என்று தோன்றும் இரண்டு மூன்றை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பக்கத்துச் சான்றை எழுதுங்கள்: ஒரு பேப்பர், ஒரு ப்ராஜெக்ட், ஒரு வேலை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியே முதலில் வர வேண்டும். நூறு பக்க எஸ்.ஓ.பி வழிகாட்டியை வாசிப்பதைவிட இந்த ஒரு தாள் பயன்படும்.

இரண்டாம் வாரம் முதல் வரைவு. 900 சொல் கடிதத்துக்கு உத்தேசப் பங்கீடு: தொடக்கத்துக்கு 100, படிப்பும் ப்ராஜெக்ட்டும் 350, வேலை அல்லது இன்டர்ன்ஷிப் 150, இந்தப் படிப்பும் இந்தத் துறையும் ஏன் என்பதற்கு 200, படித்தபின் என்ன என்பதற்கு 100. வேலை அனுபவம் இல்லாதவர் அந்த 150-ஐ ப்ராஜெக்ட்டுக்குக் கொடுக்கலாம்.

சான்றுள்ள எழுத்துக்கும் இல்லாததற்கும் வித்தியாசத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். புதுக்கடைப் பக்கத்துச் சிவில் மாணவர் ஒருவர், கடற்கரைப் பொறியியல் படிக்க நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட், தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடு சேர்வது பற்றி. ஏஜென்சி அச்சில் இப்படி வரும்:

'கடலோர மாவட்டத்தில் பிறந்த எனக்குச் சிறுவயது முதலே கடல்மீது தீராத ஆர்வம். உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து என் நாட்டு மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.'

இதே மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்து எழுதினால்:

'தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்கின்றன. நால்வர் குழுவில் என் வேலை, வாயிலின் இரு பக்கமும் கரைக்கோடு எப்படி மாறியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் குறிப்பது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்ததால் மிக முக்கியமான காலத்துக்குப் படமே கிடைக்கவில்லை. ஆகவே மணல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை எங்களால் ஊகிக்க முடிந்ததே தவிர, நிறுவ முடியவில்லை. அலையையும் மணல் நகர்வையும் கணினி மாதிரியில் கணக்கிடும் பாடத்தை நான் தேடுவது இதனால்தான்.'

இரண்டாவதில் சாதனை என்று எதுவும் இல்லை, சொல்லப்போனால் ப்ராஜெக்ட் அரைகுறையாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனாலும் எது தெரியும், எது தெரியாது, தெரியாததை எங்கே கற்க வேண்டும் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. நால்வரில் தன் பங்கு எது என்பதும் தெளிவு. ரெடிமேட் ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்கிச் சமர்ப்பித்தவர்களால் இப்படி ஒரு பத்தி எழுத முடியாது. அவர்கள் மினி ப்ராஜெக்ட்டையோ லேபில் கைப்படச் செய்த எதையோ எடுத்துக்கொள்வது நல்லது.

ஊரைக் கொண்டுவருவதிலும் இதே அளவுகோல்தான். முப்பந்தல் காற்றாலை, கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, மணவாளக்குறிச்சி மணல், சுசீந்திரம் தேரூர் குளத்துப் பறவைகள், மார்த்தாண்டம் தேன் எல்லாமே நல்ல விஷயங்கள். உங்கள் பாடத்தோடு ஒட்டினால் எழுதுங்கள். முக்கடல் சங்கமம், திருவள்ளுவர் சிலை என்று சுற்றுலாப் பிரசுரம் போல ஒரு பத்தி தொடங்கினால் 100 சொல் வீண். ஒக்கியும் அப்படித்தான். 2017 நவம்பர் கடைசியில் நடந்தது உங்கள் வீட்டையும் படிப்பையும் நேராகத் தொட்டிருந்தால் அதற்கு இடம் உண்டு, ஊர் துக்கத்தை இரக்கத்துக்காக இரவல் வாங்குவது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அரியர் பற்றி எழுதலாமா என்பது அண்ணா பல்கலை மாணவர்கள் எல்லோரும் கேட்பது. டிரான்ஸ்கிரிப்ட்டில் தெரிவதை மறைக்க முடியாது. இரண்டு வரி போதும்: எந்தப் பேப்பர், எப்போது முடித்தேன். கணிதப் பேப்பர் போய், சேரும் படிப்புக்கும் கணிதம் அடிப்படை என்றால் மூன்றாவது வரி ஒன்று, பின்னால் அந்த அடித்தளத்தை எப்படிச் சரிசெய்தேன் என்று. உடம்பு சரியில்லை, ஆசிரியர் சரியில்லை என்று பத்தி பத்தியாய் நீட்டினால் சின்னக் குறை பெரிசாகும். ஓரிரண்டு அரியர்தான், விண்ணப்பத்தில் கேட்கவும் இல்லை என்றால் சும்மா விட்டுவிடலாம்.

மூன்றாம் வாரம் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் உங்கள் துறை ஆசிரியர், தொழில்நுட்பப் பிழையைப் பிடிப்பார். இன்னொருவர் அந்தத் துறையே தெரியாதவர், அக்காவோ பள்ளி ஆங்கில டீச்சரோ. அவருக்கு எந்த வரியில் தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் நீளம் அல்லது சொல் கனம். ஐந்தாறு பேரிடம் கொடுத்தால் ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள், கடைசியில் கடிதம் யாருடையதாகவும் இருக்காது.

யாருக்கு எது

ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா, மற்றும் ஆராய்ச்சி சார்ந்த எந்தப் படிப்புக்கும் நாமே எழுதுவதுதான். வேறு வழிகளை யோசிக்கவே வேண்டாம் என்பேன். படிப்பின் உள்விவரம் தெரிந்த ஆள் ஏஜென்சியில் இருப்பது அபூர்வம். பிரிட்டன், ஆஸ்திரேலியா முதுநிலைக்கு விண்ணப்ப வேலையையும் விசாவையும் கன்சல்டன்சியிடம் விட்டு, கடிதத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். 'எஸ்.ஓ.பி நான் எழுதித் தாறேன், நீங்கள் திருத்தம் மட்டும் சொல்லுங்க' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல ஏஜென்சி சந்தோஷப்படும், அவர்களுக்கும் வேலை மிச்சம். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும், எந்த வடிவம் போனது என்று பார்க்க வேறு வழியில்லை.

வேலையில் இருப்பவர், இரண்டே வாரம்தான் பாக்கி என்றால், ஏ.ஐ கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்ல, அந்தப் பதில்களிலிருந்து நீங்களே வரைவு எழுதுவதுதான் வேகமான நேர்மையான வழி.

நர்சிங்கில் ஜெர்மன் ஆஸ்பில்டுங் (வேலையோடு சேர்ந்த தொழிற்பயிற்சி) படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே கடிதம் போவது மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ, ஒரு பக்கம், ஜெர்மன் மொழியில். பி1, பி2 என்ற இடைநிலை ஜெர்மன் வகுப்பு படித்தவர் கையில் பேராசிரியர் எழுதியது போன்ற ஜெர்மன் இருந்தால் நேர்காணலின் முதல் நிமிஷமே குட்டு வெளிப்படும். உங்கள் வகுப்பு நிலைக்கு ஏற்ற எளிய வாக்கியங்களே பாதுகாப்பு.

அனுப்புமுன் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில. கோப்பில் பல்கலைப் பெயரைத் தேடிப் பாருங்கள், பழைய பெயர் ஒன்று ஒளிந்திருக்கலாம். கடிதம், சி.வி, எல்.ஓ.ஆர் மூன்றிலும் ப்ராஜெக்ட் தலைப்பும் மாதமும் ஆண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஆன்லைன் பெட்டியில் ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும், பத்தி இடைவெளியும் சிலசமயம் போகும். எழுத்து எண்ணிக்கையை வேர்டில் பார்த்ததை நம்பாமல் அந்தப் பெட்டி காட்டுவதை நம்புங்கள். கெடு நேரம் அந்த நாட்டு நேரம். யூகாஸின் ஜனவரிக் கெடு பிரிட்டன் நேரம் மாலை 6 மணி, நமக்கு அது இரவு 11.30. அமெரிக்கக் கிழக்குக் கரைப் பல்கலை ஒன்று குளிர்காலத்தில் இரவு 11.59 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் காலை 10.29. அந்தக் கடைசி மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக ஏறுவதால் தளம் இழுக்கும், கட்டணம் கார்டில் சிக்கும். ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.